பெயர் மாற்றினால் கிரப் ஏன் நின்றுவிடுகிறது

பாளையங்கோட்டை, பேட்டைப் பக்கத்துப் பள்ளி லேப்களுக்கென்று டெபியன் என்ற லினக்ஸ் வகையிலிருந்து சொந்த லினக்ஸ் கட்ட நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது வால்பேப்பரில்தான். நெல்லையப்பர் கோபுரத்தைப் போட்டு லைவ்-பில்ட் என்ற கருவியில் ஐஎஸ்ஓ (நிறுவும் ஃபைல்) எடுத்துவிடலாம், அது எளிது. கஷ்டம் முழுக்கப் பெயரில் இருக்கிறது. அது, மெஷின் எழும்பும்போது லினக்ஸை ஏற்றும் கிரப் வரை போய்த் தட்டும்.

'பொருநை' என்று பெயர் வைப்பதாகக் கொள்வோம். சிஸ்டத்தின் பெயரைச் சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைத் திறந்து நேரடியாகத் திருத்தாதீர்கள். அது பேஸ்-ஃபைல்ஸ் பேக்கேஜைச் சேர்ந்தது. அடுத்த பாயிண்ட் ரிலீஸில் (சிறு திருத்த வெளியீட்டில்) அந்தப் பேக்கேஜ் புதுப்பிக்கப்பட்டதும் பொருநை போய் டெபியன் திரும்பிவிடும். தனிப் பேக்கேஜ் ஒன்று செய்து, அதன் ப்ரீஇன்ஸ்ட் ஸ்கிரிப்டில் (நிறுவுவதற்கு முன் ஓடுவது) டிபிகேஜி-டைவர்ட் போடுங்கள். பேஸ்-ஃபைல்ஸின் ஃபைலை அது வேறு பெயருக்குத் திருப்பிவிடும். பேஸ்-ஃபைல்ஸ் எசென்ஷியல் (இன்றியமையாத) பேக்கேஜ் என்பதால், இருக்கும் ஃபைலை உடனே நகர்த்தும் 'ரீநேம்' வேண்டாம், 'நோ-ரீநேம்' கொடுங்கள்.

ஓஎஸ்-ரிலீஸின் ஐடி வரியில் தமிழ் எழுத்து கூடாது. ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், புள்ளி, கோடு மட்டும்தான். திரையில் காட்டும் பெயரான ப்ரெட்டி-நேமில் தமிழ் எழுதத் தடையில்லை, ஆனாலும் எழுதாதீர்கள். வெறும் கன்சோல் (டெஸ்க்டாப் இல்லாத எழுத்துத் திரை) 512 எழுத்துருவங்களுக்கு மேல் தாங்காது. கொம்பும் காலும் சேர்க்கவும் அதற்குத் தெரியாது. 'பொ' கட்டங்களாகத்தான் வரும். எதிலிருந்து வந்தது என்று சொல்லும் ஐடி-லைக்கில் டெபியன் என்று கட்டாயம் போடுங்கள். வெர்ஷன்-கோட்நேம், டெபியன் 13-இன் பெயரான 'ட்ரிக்ஸி' என்றே இருக்கட்டும்: வெளி ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) சேர்க்கும் ஸ்கிரிப்டுகள் பல அதை வைத்துத்தான் முகவரி கட்டுகின்றன, மாற்றினால் ஆப்ட் அப்டேட்டில் 404 வரும்.

இதைவிடப் பெரிய பள்ளம் கிரப். அதன் அமைப்பில் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் பெயர் மாறினால் கிரப்-இன்ஸ்டால், மெஷின் எழும்பும்போது படிக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் அந்தப் பெயரிலேயே ஃபோல்டர் போடும். டெபியன் கையெழுத்திட்ட கிரப்போ கான்ஃபிக்கை (அமைப்பு ஃபைலை) 'டெபியன்' ஃபோல்டரில்தான் தேடும். அந்தப் பாதை பைனரிக்குள்ளேயே பதிந்திருக்கிறது. ரீபூட் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப்>' மட்டும் நிற்கும். பாதையை மாற்றி மறுபடி பில்ட் செய்தால் கையெழுத்து போய்விடும், கையெழுத்தில்லாததை ஓடவிடாத செக்யூர் பூட் ஏற்காது. கிரப்புக்கு முன் ஓடும் சிறு நிரலான ஷிம்மைச் சொந்தமாகச் செய்து மைக்ரோசாஃப்ட் கையெழுத்து வாங்குவதென்றால் முதலில் ஷிம்-ரிவ்யூ என்ற பரிசீலனை. சாவியை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்பது வரை பதில் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று பேர் நடத்தும் முயற்சிக்கு அது பெரும் சுமை.

அதனால், டிஃபால்ட் கிரப் ஃபைலில் டிஸ்ட்ரிபியூட்டரை 'டெபியன்' என்று கையால் எழுதிவிடுங்கள். பொருநை என்ற பெயர், கிரப் தீமின் (மெனுவின் தோற்றம்) பின்னணிப் படத்தில் வரட்டும். படம் என்பதால் அங்கே தமிழிலேயே, நல்ல எழுத்துருவில் எழுதலாம். பிறகு செக்யூர் பூட் ஆன் செய்த லேப்டாப்பில் நிறுவி, கிரப் பேக்கேஜை மறுநிறுவல் செய்து, ரீபூட் போட்டுப் பாருங்கள். நிறுவிய அன்று ஒழுங்காக எழும்பும் மெஷின், முதல் கிரப் அப்டேட்டுக்குப் பிறகு படுத்துவிடுவதும் உண்டு.