சாய்ந்து தொங்கும் படங்கள்: காரைக்குடிப் பக்கம் எண்ணெய் ஓவியம் பார்க்க

செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், நின்று அண்ணாந்தால், நிலைகளுக்கு மேலே அந்த வீட்டுப் பெரியவர்களின் படங்கள் முன்பக்கம் சாய்ந்தபடி தொங்கும். கீழ்ச்சட்டம் சுவரில் அடித்த இரண்டு கட்டைகளில் உட்கார்ந்திருக்கும். மேலே கயிறோ சங்கிலியோ இழுத்துப் பிடித்திருக்கும். அந்தச் சாய்வால் முற்றத்து வெளிச்சம் வார்னிஷில் பளிச்சிட்டுக் கண்ணைக் கூசாது, முகத்தில் தூசி படியாது, சுவருக்கும் படத் துணியான கித்தானுக்கும் நடுவே காற்று ஓடும்.

இந்த ஊர்க் கூடமொன்றில் ஒரு விஞ்ஞானியின் எண்ணெய் ஓவியத்தை மாட்ட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அப்படி ஒரு படத்துக்குக் காரைக்குடியில் முதல் உரிமை வேதியியலாளர் சாந்தி சொரூப் பட்நாகருக்கு. அவர் நாட்டின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். இயக்குநராக இருந்த காலத்தில் எழுந்தது இந்த ஊரிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பட்நாகர் கையில் வெறும் குடுவையைக் கொடுத்து வரையாதீர்கள். பொருள்களின் காந்தப் பண்பை அளக்க 1928-ல் இயற்பியலாளர் கே.என். மாத்தூரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய தராசு பக்கத்தில் இருக்கட்டும். ஆளைச் சொல்வது அதுதான்.

இனி, பழைய படங்களைப் பார்க்கும் விதம். வீட்டாரிடம் அனுமதி கேட்டு, வெயில் வளவில் இறங்கும் முற்பகலில் போங்கள். ஃபிளாஷ் வேண்டாம், சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். தூரிகைத் தடம் மேடாகத் தெரிந்தால் எண்ணெய் ஓவியமாக இருக்கலாம். முகம் வழவழவென்றும் உடையும் திரையும் மட்டும் தடிப்பாகவும் இருந்தால், பெரும்பாலும் புகைப்படத்தின்மேல் வண்ணம் தீட்டியது. பூதக்கண்ணாடியில் புள்ளிகள் தெரிந்தால் அச்சுப் படம். சில அச்சுப் படங்களில் கித்தான் நெசவையே அழுத்திப் பதித்திருப்பார்கள் என்பதால் டார்ச்சை மட்டும் நம்ப முடியாது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலை பேசுமுன் இந்த இரண்டு சோதனையும் கட்டாயம்.

புதிதாக வரையச் சொல்பவர்கள் ஓவியரிடம் அவசரம் காட்டக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. அதனால் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேல்பக்கம் முதலில் இறுகி, அடியிலுள்ளது பின்னால் அசையும்போது வெடிக்கும். தடித்த பூச்சு என்றால் வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். திறப்பு விழாத் தேதிக்காக முன்கூட்டியே வார்னிஷ் அடித்தால் படம் பாழ்.

துடைப்பதில்தான் பல நல்ல படங்கள் போயிருக்கின்றன. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பது, மண்ணெண்ணெய், ஈரத்துணி எதுவும் ஆகாது. வெடிப்பு வழியாக ஈரம் இறங்கினால் கித்தானில் தடவிய பசை ஊதும், துணி சுருங்கும், வண்ணம் செதிலாகத் தூக்கும். ஐப்பசி மழையில் முற்றத்துச் சாரல் படும் சுவரும் இதே வேலையைச் செய்யும். சுண்ணாம்புச் சுவர் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் படத்தை அதோடு ஒட்டினாற்போல் தொங்கவிடாதீர்கள்.

பின்பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். மூலைகளில் மர ஆப்புகள் இருந்தால், கித்தான் தொய்யும்போது மெல்லத் தட்டி இறுக்கலாம். கித்தானை இழுத்துக் கட்டிய சட்டத்தின் அடிக்கட்டைக்கும் கித்தானுக்கும் இடையில் விழும் தூசி, சுண்ணாம்புத் துகள், உதிர்ந்த ஆணி எல்லாம் சேர்ந்து முன்பக்கம் அடியில் புடைப்பாகத் தெரியும். வண்ணம் முதலில் உதிர்வதும் அந்த இடத்தில்தான். படத்தை இருவர் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் அதை வெளியே எடுக்க வேண்டும். கித்தானைப் பின்னாலிருந்து விரலால் அழுத்தவே கூடாது.