ராத்திரிக்கு ஹைட்ரஜனை எங்க வைக்கிறது?

சோலார், காத்தாலைக் கரண்ட்ல பண்ற பச்சை அமோனியா ப்ராஜெக்ட்ல இருக்கேன்னு சொன்னா எல்லாரும் தண்ணியைப் பிரிக்கிற எலக்ட்ரோலைசர் பத்திதான் கேப்பாங்க. கரண்ட் விட்டு தண்ணியைப் பிரிச்சு, அதுல வர்ற ஹைட்ரஜனை நைட்ரஜனோட சேத்து அமோனியா பண்றது நமக்குப் புதுசு கிடையாது, பஞ்சாப் நங்கல்ல பக்ரா அணை கரண்ட்டை வச்சு 1960கள்லயே செஞ்சிருக்காங்க. ஆனா அணைக் கரண்ட் ராத்திரியும் வரும், சோலார் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்னுடும், எங்க பாடு மொத்தமும் அங்கதான்.

இந்த ப்ராஜெக்டுக்கு முன்னாடி நான் ஒரு உர ஆலையில ப்ராசஸ் இன்ஜினியர். அங்க லூப்பை, அதாவது வாயு சுத்தி சுத்தி வந்து அமோனியா ஆகுற பகுதியை, ஆட்டவே மாட்டோம். அமோனியா உருவாகுற கன்வெர்ட்டர் 400லேர்ந்து 500 டிகிரி, 150 பார் பக்கம் பிரஷர்னு ஒரே சீரா ஓடிட்டே இருக்கணும். தூத்துக்குடி பக்கம் இந்த டிசைன் டீம்ல சேந்தப்போ, ஆலோசகரா வந்திருந்த ரிட்டையர்டு ஷிஃப்ட் இன்சார்ஜ் சார் முதல் மீட்டிங்லயே சொன்னார், "தம்பி, தினமும் ஏத்தி இறக்குனா கேட்டலிஸ்ட்டும் தாங்காது, வெசலும் தாங்காது". சோலார் பாத்துக்கிற பொண்ணு உடனே, "மேகம் வந்தா நான் என்ன சார் பண்றது"ன்னா. ரெண்டு பேர் சொன்னதும் நியாயம்.

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு டன் அமோனியாவுக்கு ஹைட்ரஜன் கிட்டத்தட்ட 177 கிலோ. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50லேர்ந்து 55 யூனிட் கரண்ட், நைட்ரஜன் பிரிக்கிறது கம்ப்ரெஸர் எல்லாம் சேத்தா டன்னுக்கு சுமார் 10,000 யூனிட் ஆயிடும். ஒரு நாளுக்கு 100 டன் பண்ற பிளான்ட்னு வைங்க, சூரியன் இல்லாத 14 மணி நேரமும் லூப் முழு லோடுல ஓட 10 டன் ஹைட்ரஜன் கையில இருக்கணும். அது 30 பார்ல ஒரு கன மீட்டருக்கு ரெண்டரை கிலோ கூட வராது, அப்ப 4,000 கன மீட்டருக்கு மேல டேங்க் வேணும், விலையைப் பாத்தா யாரும் கையெழுத்து போட மாட்டாங்க. அதே ராத்திரி லூப்பை 30 சதவீதத்துக்கு இறக்கிட்டா 3 டன் போதும். ஹைட்ரஜனை சேத்து வைக்கிறதை விட லூப்பை இறங்கி ஏறப் பழக்குறதுதான் மலிவுன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. டென்மார்க்ல லெம்விக் பக்கம் 10 மெகாவாட் எலக்ட்ரோலைசரோட இப்படி காத்து, வெயிலுக்கு ஏத்தபடி ஏறி இறங்குற பிளான்ட் ஒண்ணை 2024ல திறந்தாங்க, அதைக் காட்டித்தான் சாரை பாதி சமாதானப்படுத்தினோம். மீதி சமாதானம், பிரஷரை ஆட்டாம லோடை மட்டும் குறைக்கிறோம், கன்வெர்ட்டர் ஆறாம இருக்க எலக்ட்ரிக் ஹீட்டர் வைக்கிறோம்னு காட்டினதுக்கு அப்புறம் வந்துச்சு.

காரக் கரைசல்ல ஓடுற ஆல்கலைன் எலக்ட்ரோலைசருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. லோடு இறங்கினா ஆக்ஸிஜன் குறையும், ஆனா ரெண்டு வாயுவையும் பிரிச்சு வைக்கிற தடுப்பைத் தாண்டிக் கசியிற ஹைட்ரஜன் அவ்வளவா குறையாது, அதனால ஆக்ஸிஜன் பக்கம் ஹைட்ரஜன் சதவீதம் ஏறும். 4 சதவீதத்துல வெடிக்கிற கலவை, 2 தொட்டாலே ட்ரிப். அதனால மேகம் வந்தா எல்லா ஸ்டாக்கையும் (எலக்ட்ரோலைசர் செல் அடுக்கு) சேத்து இறக்காம சிலதை நிறுத்திட்டு மத்ததை நல்ல லோடுல ஓட்டணும்.

ராத்திரி கிரிட் கரண்ட் எடுத்துக்கலாமேன்னு மேனேஜ்மென்ட்ல கேட்டுட்டே இருந்தாங்க. நம்ம கிரிட்ல ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, முழுக்க கிரிட்ல ஓட்டினா கிலோ ஹைட்ரஜனுக்கு 35 கிலோ தாண்டும், இயற்கை எரிவாயுல பண்ணாலே பத்துதான். பச்சை ஹைட்ரஜன்னு சொல்ல 2023ல இந்திய அரசு வச்ச வரம்பு 2 கிலோ. நூத்துல ஆறு பங்கு கிரிட் போதும், அந்த வரம்பு காலி. பச்சைன்னு பேர் வச்சுட்டு நிலக்கரி கரண்ட்ல ஓட்டுறதுக்கு நான் கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

ஊர்க்காரங்க கேட்டது தண்ணி. தாமிரபரணியைத் தொடுவீங்களான்னு நேரா கேட்டாங்க, கேக்கத்தானே வேணும். கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்குல 9 லிட்டர்தான், கூலிங்குக்கு அதை விட அதிகம் போகும். கடல் தண்ணியைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட், எங்க கரண்ட் செலவுல அது கண்ணுக்கே தெரியாது, ஆத்துத் தண்ணி கேக்கவே நியாயம் இல்ல.

காத்து ஆனி ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா பிச்சுக்கிட்டு வரும், அப்ப ராத்திரியும் லூப்பை இறக்க வேண்டியதில்ல. ஐப்பசி கார்த்திகையில காத்தும் குறையும், வானமும் மூடும், எந்த டேங்க்கும் அதுக்குப் பத்தாது. அதனால வருஷாந்திர ஷட்டவுனை அந்த மாசத்துக்கே போட்டாச்சு.