சண்டை சீனுக்கு சப்டைட்டில் கிடையாது

சப்டைட்டில் போடற வேலைல ஒரு சௌகரியம் இருக்கு, வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு காசு நிமிஷக் கணக்கு. படம் எத்தன நிமிஷம் ஓடுதோ அத்தன நிமிஷத்துக்கு காசு, அதுல எவ்ளோ பேசறாங்கங்கறது கணக்குலயே வராது. ரெண்டு பேர் சோஃபால உக்காந்து மூணு மணி நேரம் குடும்பப் பஞ்சாயத்து பேசற படம் வந்தா முதுகு ஒடிஞ்சிரும், அதே காசுதான். இருவது நிமிஷம் கத்தி சண்டை போட்டா இருவது நிமிஷமும் நமக்கு லீவு. "ஆக்‌ஷன் படம் இருந்தா எனக்குத் தள்ளுங்க அக்கா"னு சப்டைட்டில சரிபாக்கற எங்க க்யூசி அக்காகிட்ட வெக்கமில்லாம கேட்டு வாங்கற ஆள்தான் நானும்.

அப்படி ஒரு நாள் வந்த ஃபைல்தான் நார்னியாங்கற மாயாஜால நாட்டுக் கதையோட ரெண்டாம் பாகம், 'பிரின்ஸ் காஸ்பியன்'. 2008ல வந்த படம், ரெண்டரை மணி நேரம். படத்துல பேசற வரியெல்லாம் நேரத்தோட அடுக்கியிருக்கற டெம்ப்ளேட்டத் திறந்து பாத்தா மொத்த வரியே கம்மியா இருந்துச்சு. சந்தோஷமாதான் ஆரம்பிச்சேன். ஆனா இது நான் சின்ன வயசுல அட்டை பிஞ்சு போற அளவுக்குப் படிச்ச புக்கு. அந்த டெம்ப்ளேட் காலியா இருக்கறதுக்கு என்ன அர்த்தம்னு உறைக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

புக்கு 1951ல வந்தது, சி. எஸ். லூயிஸ் எழுதின ஏழுல ரெண்டாவது. கதைல சண்டை இல்லனு சொல்ல மாட்டேன், இருக்கு, ஆனா நெனவுல நிக்கறது சண்டை இல்ல. மொதல் கதைல நார்னியாவ ஆண்டுட்டு வீடு திரும்பின பீட்டர், சூசன், எட்மண்ட், லூசினு நாலு பசங்க ரயில்வே ஸ்டேஷன் பெஞ்ச்ல உக்காந்திருக்கறப்ப இழுத்துட்டுப் போற மாதிரி ஆகி ஒரு தீவுல வந்து விழறாங்க, பசிக்கு ஆப்பிள் பறிச்சுத் திங்கறாங்க, இடிஞ்சு கெடக்கற ஒரு கோட்டைய சுத்திப் பாக்கறாங்க, அப்ப தங்கத்துல செஞ்ச ஒரு செஸ் குதிரை கைல கெடைக்குது. அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா பேசிப் பேசி கண்டுபிடிக்கறாங்க, இந்த இடிஞ்ச கோட்டை நம்ம கோட்டைடா, நாமதான் இங்க ராஜாவா இருந்தோம், இங்கிலாந்துல ஒரு வருஷம் போறதுக்குள்ள இங்க நூத்துக்கணக்கான வருஷம் ஓடிருக்குன்னு (படத்துல அது ஆயிரத்து முந்நூறு வருஷம்). மெதுவாத்தான் தெரியவரும். படிக்கிற நமக்கும் அவங்க கூடவே வயித்த என்னமோ பண்ணும். படத்துலயும் அந்த இடம் இருக்கு, அழகாவே எடுத்திருக்காங்க, பாழடைஞ்ச தூணு, கடல், எல்லாம் ஜோர். ஆனா சீக்கிரம் முடிஞ்சிருது. கோட்டை ஏன் இப்படி ஆச்சுனு ஒரு வரில சொல்லிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிடறாங்க.

நியாயமாப் பாத்தா இந்தப் புக்க அப்படியே எடுக்கறது கஷ்டம். பதினஞ்சு அத்தியாயம், அதுல நாலு அத்தியாயம் ஒரு குள்ளன் உக்காந்து இளவரசன் காஸ்பியனோட கதைய சொல்றதுதான். பசங்களும் காஸ்பியனும் நேருக்கு நேர் பாக்கறது பன்னெண்டாவது அத்தியாயத்துல! எந்த ப்ரொட்யூசர்கிட்டப் போயி "சார், ஹீரோவ க்ளைமாக்ஸ் கிட்டத்துலதான் மத்தவங்க பாப்பாங்க"னு சொல்ல முடியும். அதனால ராத்திரில காஸ்பியன் கோட்டைய விட்டுத் தப்பிச்சு ஓடறதுல படத்த ஆரம்பிச்சிட்டாங்க, அது சரியான முடிவுதான்னு நெனக்கறேன். காலியான எடத்த எத வெச்சு நெரப்புனாங்கங்கறதுலதான் எனக்கு வருத்தம்.

அந்த ரெண்டு ராஜா பசங்க விஷயத்த எடுத்துக்கோங்க. புக்குல பீட்டர் காஸ்பியனப் பாத்ததும் கிட்டத்தட்ட மொதல்ல சொல்றதே, உன் எடத்தப் புடுங்க நான் வரல, உன்ன அதுல உக்கார வைக்கத்தான் வந்தேன்ங்கற மாதிரி ஒரு பேச்சு. அவ்ளோ பெரிய ராஜாவா இருந்தவன், பள்ளிக்கூடப் பையனாத் திரும்பி வந்து, கூச்சப்படாம சொல்றான். படத்துல ரெண்டு பேரும் காட்டுல கத்தியோட மோதிக்கிட்டுதான் அறிமுகம் ஆகறாங்க. அப்ப ஆரம்பிக்கற முறைப்பு முக்கால்வாசி படம் ஓடுது.

இங்கதான் என் வேலை சிக்கலாச்சு. இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே 'யூ', அவங்களுக்குக் கவலையே இல்ல. தமிழ்ல நான் முடிவு பண்ணியாகணும், பீட்டர் காஸ்பியன 'நீ'ங்கறானா 'நீங்க'ங்கறானா? காஸ்பியன் பீட்டர? ஒருத்தன் புராணத்துல படிச்ச ராஜா, இன்னொருத்தன் இப்ப ராஜா ஆகப் போறவன், வயசு ஒண்ணுபோலத் தெரியுது, ஆனா ஒருத்தனுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷம் கூட. மொதல்ல ரெண்டு பேருக்கும் 'நீங்க' போட்டேன், பாத்தா மாமனார் மருமகன் பேசிக்கற மாதிரி இருந்துச்சு. 'நீ' போட்டா கிரிக்கெட் டீம் தகராறு. கடைசில காஸ்பியன் மரியாதையா ஆரம்பிச்சு, எதிரி கோட்டையத் தாக்கப் போயி தோத்துட்டுத் திரும்பி வந்து யார் தப்புனு கத்திக்கறாங்க இல்ல, அங்க 'நீ'க்கு எறங்கற மாதிரி வெச்சேன். ஒரே ஒரு வார்த்த. "உங்களாலதான்"னு வர வேண்டியது "உன்னாலதான்"னு வருது. அந்த சீன் முழுக்க எனக்கு அதான் ரொம்பப் புடிச்ச எடம், ஒரிஜினல்ல இல்லாத ஒண்ண நான் போட்டேன்னு கொஞ்சம் கர்வம் வேற. ஆனா ராத்திரி படுத்து யோசிச்சா, இந்த சண்டையே புக்குல கெடையாதே, இல்லாத சண்டைக்குத்தான் இவ்ளோ நகாசு வேல பாத்திருக்கேன்னு தோணி சிரிப்பு வந்துச்சு.

அந்தக் கோட்டைத் தாக்குதலும் புக்குல இல்லாததுதான். கிரிஃபின் பறவைங்க ஆளத் தூக்கிட்டு வந்து எறக்கறதும், எட்மண்ட் டார்ச் அடிச்சு சிக்னல் குடுக்கறதும், உள்ள போனதும் எல்லாம் சொதப்பறதும் பாக்க நல்லாத்தான் இருக்கு. முடிவுல இரும்புக் கதவு எறங்குது, மாட்டுத்தல வீரன் ஒருத்தன் அதத் தோள்ல தாங்கிப் புடிச்சிட்டு நிக்கறான், பாதி பேர் வெளிய ஓடிடறாங்க, மிச்ச பேர் உள்ளயே மாட்டிக்கறாங்க, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு இவங்க போறதப் பாக்கறாங்க. மனசப் பெசையற ஷாட், இல்லங்கல. ஆனா என் ஃபைல்ல அந்தப் பகுதிய உருட்டிப் பாத்தா பெரும்பாலும் "ஓடு", "பின்வாங்குங்க", "கதவு" இவ்ளோதான். காப்பி பேஸ்ட் பண்ணிடலாம். கடைசிப் போரும் அப்படித்தான், பூமி உள்வாங்குது, மரம் நடந்து வருது, ஆத்துல இருந்து ஒரு தண்ணி தெய்வம் எழுந்து பாலத்தப் புடுங்கி எறியுது. எனக்கு ஒரு மத்தியானம் ஃப்ரீ. அந்த மத்தியானம் தூங்கப் போகாம அலமாரில இருந்து புக்க எடுத்து வெச்சு உக்காந்தேன், அதான் நான் பண்ணின தப்பு.

ஏன்னா ஒன்பதாவதுல இருந்து பதினொண்ணாவது அத்தியாயம் வரைக்கும் திரும்பப் படிச்சிட்டேன். லூசி மட்டும் சிங்கம் அஸ்லானப் பாக்கறா, மத்தவங்களுக்குத் தெரியல, நம்பல. ராத்திரில அஸ்லான் அவள எழுப்பி, போயி மத்தவங்களக் கூட்டிட்டு வா, அவங்க வரலன்னாலும் நீ மட்டுமாவது என் பின்னால வரணும்ங்கறார். அவ போயி ஒவ்வொருத்தரா எழுப்பறா. தூக்கக் கலக்கத்துல எல்லாரும் எரிஞ்சு விழறாங்க. அப்புறம் முணுமுணுத்துக்கிட்டே கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு பின்னால நடக்கறாங்க, போகப் போக எட்மண்டுக்கு மொதல்ல நெழல் தெரியுது, அப்புறம் பீட்டருக்கு, சூசனுக்குக் கடைசிலதான். சின்னப் பொண்ணு ஒருத்தி தன்னவிடப் பெரியவங்கள ராத்திரில எழுப்பி நான் சொல்றத நம்புங்கன்னு கெஞ்சற அந்த நாலு பக்கத்துல இருக்கற பதட்டம் ரெண்டரை மணி நேரப் படத்துல எங்கயும் இல்ல. படத்துல இந்த ராத்திரி சந்திப்ப ஒரு கனவா ஆக்கிட்டாங்க. அவ முழிச்சதும் கலைஞ்சு போகுது. ஒவ்வொருத்தரையா எழுப்பிக் கெஞ்சற வேல இல்ல, யாரும் நம்பாம இருக்கற கஷ்டமும் அங்க இல்ல.

அந்தக் கனவுக்குள்ள ஒரு வரி இருக்கு. அதுக்குத்தான் எனக்கும் க்யூசி அக்காவுக்கும் சண்டை. லூசி சிங்கத்தக் கட்டிப்புடிச்சிட்டு நீங்க வளந்துட்டீங்கன்னு சொல்றா. படத்துல அஸ்லான் சொல்ற பதில், வருஷா வருஷம் நீ வளர வளர நானும் வளருவேன்ங்கற அர்த்தம். புக்குல அப்படி இல்ல. நான் வளரல, ஆனா நீ வளர்ற ஒவ்வொரு வருஷமும் உன் கண்ணுக்கு நான் இன்னும் பெரிசாத் தெரிவேன்னு சொல்வார். ரெண்டும் ஒண்ணா? மொதல்ல இருக்கறது கூடவே வளர்ற நாய்க்குட்டி. ரெண்டாவது மல. நாம மேல ஏற ஏறத்தான் அதோட உசரமே நமக்குப் புரியும். தமிழ்ல அது ரொம்ப இயல்பா வேற வந்துச்சு, "நீ வளர வளர, நான் பெரிசாத் தெரிவேன்." எழுத்துக் கணக்குலயும் உக்காந்துச்சு. எங்களுக்கு ஒரு வரிக்கு 42 எழுத்துதான், ரெண்டு வரிக்கு மேல போகக் கூடாது, அந்த சாஃப்ட்வேர் நம்ம புள்ளியையும் கொம்பையும் தனித்தனி எழுத்தா எண்ணும், 'க்'ன்னு ஒண்ணு போட்டா ரெண்டு போச்சு. அதனால இவ்ளோ அழகா உக்கார்ற வரிய விட மனசு வரல. சத்தமில்லாம புக்குல இருக்கறதப் போட்டு அனுப்பிட்டேன்.

ரெண்டே மணி நேரத்துல செவப்புல திரும்பி வந்துச்சு. அக்கா ஃபோன் பண்ணாங்க.

"என்னப்பா இது, அவர் நானும் வளருவேன்னுதான சொல்றாரு?"

"ஆமாக்கா, ஆனா புக்குல..."

"புக்குக்கா சப்டைட்டில் போடறோம்?"

"இல்லக்கா, அர்த்தமே மாறிடுது, அதான்."

"மாறட்டும். மாத்தினது அவங்க. நீ திருத்தினேன்னா அவங்க தப்பு யாருக்குமே தெரியாமப் போயிடும்ல."

இதுக்கு என்ன பதில் சொல்றதுனு எனக்கு இன்னிக்கும் தெரியல. மாத்திட்டேன். "நீ வளர வளர, நானும் வளருவேன்."

அக்கா புக்கு படிச்சதில்ல, இந்தப் படத்த எப்பவோ ஒரு தடவ பாத்திருக்காங்க, எலி நல்லா இருக்கும்ங்கறது மட்டும்தான் ஞாபகம் இருக்காம். எலி நெஜமாவே நல்லா இருக்கும். ரீப்பிச்சீப்னு பேரு, இடுப்புல கத்தி, ரோஷக்கார எலி, எட்டி இஸார்ட் கொரல் குடுத்தது. போர்ல வாலு போயிடுது, வாலில்லாம நான் எப்படித் தலை நிமிந்து நடப்பேன்னு நிக்குது. கூட இருக்கற எலிங்க எல்லாம் கத்திய உருவி, எங்க தலைவனுக்கு இல்லாத வாலு எங்களுக்கும் வேணாம்னு தங்களோடதையும் வெட்டிக்கத் தயாராகுது, அதப் பாத்துட்டுதான் அஸ்லான் வாலத் திருப்பிக் குடுப்பார். இது புக்குல இருக்கு, படத்துலயும் இருக்கு. அந்த எலிக்கு மட்டும் நான் செந்தமிழ் போட்டேன், "என் மானம் போயிற்று"ங்கற ரேஞ்சுல, மத்த எல்லாருக்கும் பேச்சுத் தமிழ். அக்கா அதுல கை வைக்கல. குள்ளனா வர்ற பீட்டர் டிங்லேஜ் வரிங்களும் சுகமா இருந்துச்சு, மனுஷன் கண்ணால பாதி பேசிடறதால கம்மியா எழுதுனாப் போதும். காஸ்பியன் கூட்டத்துக்குக் குடுத்த அந்த ஸ்பானிஷ் மாதிரி உச்சரிப்ப மட்டும் எழுத்துல எப்படிக் காட்டறதுனு மண்டைய ஒடச்சு விட்டுட்டேன். அடுத்த பாகத்துல அவங்களே அத விட்டுட்டாங்கங்கறது வேற விஷயம்.

படம் ஓடல, அதாவது எதிர்பாத்த மாதிரி ஓடல. மொதல் பாகம் 2005 டிசம்பர்ல வந்தது, 18 கோடி டாலர்ல எடுத்து கிட்டத்தட்ட 74 கோடி வசூல். ரெண்டாவதுக்கு 22 கோடிக்கு மேல செலவு, வசூல் 42 கோடி கிட்டத்தட்ட. மொதல் பாகம் மாதிரி கிறிஸ்துமஸ் லீவுல விடாம மே மாசத்துல கொண்டு போய் எறக்கினாங்க, முன்னாடி 'அயர்ன் மேன்' ஓடிட்டிருக்கு, ஒரு வாரத்துல 'இந்தியானா ஜோன்ஸ்' வருது. அந்த வருஷக் கடைசிலயே டிஸ்னி நாங்க வரலனு ஒதுங்கிடுச்சு, மூணாவத 2010ல ஃபாக்ஸ் கூட சேந்து எடுத்தாங்க. ரிலீஸ் தேதிதான் காரணம்னு சொல்றவங்க இருக்காங்க, இருக்கலாம். எனக்கு என்னவோ, மொதல் படம் பாத்து நார்னியாவுக்கு வழியா இருந்த அந்த அலமாரிக்குள்ள கோட்டு வாசத்தோட போன குழந்தைக்கு, திரும்பி வந்தா ரெண்டு அண்ணனுங்க முறைச்சிட்டு நிக்கறதப் பாக்க அவ்ளோ ஆச இருந்திருக்காதுன்னுதான் தோணுது. சூசனுக்கும் காஸ்பியனுக்கும் கடைசில ஒரு முத்தம் வேற, புக்குல தேடினாலும் கெடைக்காது. அந்த எடத்துல டயலாக் இல்ல, நல்ல வேள.

கடைசி வரி ஒண்ணு பாக்கி. பசங்க திரும்ப ஸ்டேஷனுக்கு வந்துடறாங்க, ரயில் வந்து நிக்குது, அவ்ளோ பெரிய சோகத்துக்கு நடுவுல எட்மண்ட் பைய நோண்டிட்டு, தன்னோட புது டார்ச்ச நார்னியாலயே விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்றான். புக்கும் அந்த டார்ச்சுலதான் முடியும். அம்பத்தேழு வருஷம் கழிச்சு எத்தனையோ கோடி செலவு பண்ணி எதை எதையோ மாத்தினவங்க அத மட்டும் தொடல. நான் அந்த ஒரு வரிக்கு சாயங்காலம் முழுக்க உக்காந்தேன். 'மின்விளக்கு'னு எழுதி அழிச்சேன், 'கைவிளக்கு'னு எழுதி அழிச்சேன், புதுசுங்கறது மொதல்ல வரணுமா டார்ச்சுங்கறது மொதல்ல வரணுமானு மாத்தி மாத்திப் பாத்தேன், ரயில் சத்தத்துக்கு முன்னாடி முடியணும்னு டைம்கோட்ட நகத்தினேன்.

"ச்சே, என் புது டார்ச் லைட்ட
நார்னியாலயே விட்டுட்டு வந்துட்டேன்."

அக்காகிட்ட இருந்து அதுக்கு எந்த கமெண்ட்டும் வரல.