கால் பங்கு ரோபோ

பிள்ளைகள் அணியாகச் சேர்ந்து லெகோ ரோபோ கட்டி, நிரல் எழுதிப் போட்டியிடும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்றால் ரோபோவை நன்றாக ஓடவைப்பதுதான் என்று நினைத்து, டல்லாஸ் பக்கம் எங்கள் கேரேஜில் எட்டுக்கு நாலு அடி மேசை போட்டு, 2023 சீசன் முழுக்க ஏழு பிள்ளைகளோடு அதையே செய்தேன். தகுதிச் சுற்றோடு வீட்டுக்கு வந்தோம். மேசையில் எங்களைவிடக் குறைவாக எடுத்த அணிகள் மேலே போயின. கோபம் ஆறி மதிப்பீட்டுத் தாளைப் படித்தால், ரோபோ ஆட்டம் மொத்தத்தில் 25 சதவீதம்தான்! மற்றவை ரோபோ வடிவமைப்பு, புதுமைத் திட்டம் (ஒரு நிஜப் பிரச்சினைக்குப் பிள்ளைகள் தேடும் தீர்வு), அணியாகப் பழகும் விதம்.

வடிவமைப்பில் விழுந்த அடி என்னால்தான். பாதி நிரலை நானே எழுதியிருந்தேன். "ஏன் இந்த எண்?" என்று நடுவர் கேட்டதும் எங்கள் அணிச் சிறுமி திரும்பி என்னைப் பார்த்தாள். பயிற்சியாளர் அங்கே வாய் திறக்கக் கூடாது.

அடுத்த வருடம் சீசனின் கருப்பொருள் கடல். நான் கீபோர்டைத் தொடவில்லை (கை அரித்தது, அது வேறு கதை). மேசையில் ரோபோ செய்து புள்ளி எடுக்கிற பணிகளில், பத்து முறை ஓட்டினால் எட்டு முறையாவது முடிகிறவற்றை மட்டும் வைத்துக்கொண்டோம். ஓர் ஆட்டத்தின் இரண்டரை நிமிடத்தில் நேரத்தைத் தின்பது ஓட்டமல்ல, பணிக்குப் பணி ரோபோவில் கருவி மாற்றுவதுதான். அதனால் லெகோ இணைப்பு ஊசி குத்தாமல் மேலிருந்து அப்படியே வைக்கிற மாதிரி எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார்கள். மூன்று சுற்றில் சிறந்த ஒன்றுதான் கணக்கு, ஆகவே முதல் சுற்றைப் பத்திரமாக ஆடிவிட்டு அப்புறம் துணியலாம். இன்னொன்று: புறப்படும் இடத்துக்கு வெளியே சிக்கிய ரோபோவைக் கையால் எடுத்தால், ஆட்டத் தொடக்கத்தில் கையில் இருக்கும் ஆறு டோக்கனில் ஒன்று போகும், ஆனால் ஐந்து மிச்சமிருந்தாலும் ஆறுக்குக் கிடைக்கிற அதே 50 புள்ளிதான். முதல் தடவை யோசிக்காமல் எடுத்துவிடச் சொல்லிவைத்தேன்.

நடுவர் அறைக்கு, உடைந்ததும் வேலைக்கு ஆகாததுமான கருவிகளை ஒரு செருப்புப் பெட்டியில் கொண்டுபோனோம். என் பையனுக்கு அது வெட்கம். கடைசியில் நடுவர்கள் அதிக நேரம் குடைந்தது அந்தப் பெட்டியைத்தான்: எது ஏன் தோற்றது, அடுத்து என்ன மாற்றினீர்கள் என்று. ஒரு கேள்விக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொல்லி அங்கேயே வாதாட ஆரம்பித்தார்கள், எனக்கு வியர்த்துவிட்டது.

அந்த முறை மேலே போனோம். அடுத்த சுற்றுக்குச் சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போனதும் நான்தான், பக்கத்து அணிதான் கொடுத்து உதவியது.