மூன்றாம் மாடிக்கு ஒரு பீரோ

வீடு மாற்றும்போது நண்பர்களை உதவிக்குக் கூப்பிடலாம். ஆனால் லெட் செப்பெலின் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவைக் கேட்கிற இரண்டு பேரை ஒரே நாளில் கூப்பிடக் கூடாது. எனக்கு இது தெரியாமல் போச்சு.

புது வீடு மூன்றாம் மாடியில். சின்னச் சாமான்கள் எல்லாம் லிஃப்டில் ஏறிவிட்டன. மர பீரோதான் ஏறவில்லை. நிமிர்த்தினால் உயரம் இடித்தது, சாய்த்தால் கதவு மூடவில்லை. சரி, படியில் தூக்கிவிடலாம் என்று முடிவானது. அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். "மூணு மாடிதானே, சொர்க்கம் வரைக்குமா படி ஏறப்போறோம்?" என்று சொல்லித் தொலைத்தேன்.

கீழ்ப்பக்கம் பீரோவைப் பிடித்திருந்தவன் முகம் மலர்ந்தது. "ஸ்டேர்வே டு ஹெவன்! ராக் இசையிலேயே அதுக்கு மேல ஒரு பாட்டு கிடையாது." மேல்பக்கம் பிடித்திருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "அந்த பேண்டுலேயே அதுக்கு மேல ஒரு பாட்டு இருக்கு. காஷ்மீர்."

இனி கீழே இருப்பவனைப் படிக்கட்டு என்றும், மேலே இருப்பவனைக் காஷ்மீர் என்றும் குறிப்பிடுகிறேன். அவர்களும் பெயரைவிடப் பாட்டுக்குத்தான் அதிக மரியாதை கொடுப்பவர்கள். நான் நடுவில், பீரோ சுவரில் உரசாமல் பக்கவாட்டில் தாங்கிக்கொண்டிருந்தேன். இவர்களோடு பழகிய இத்தனை வருஷமும் எனக்கு அதே இடம்தான்.

முதல் மாடி வரை சண்டை நாகரிகமாகவே போனது. 1971இல் வந்த பாட்டு, எட்டு நிமிடம் ஓடும், அமெரிக்காவில் தனிப்பாட்டாக விற்பனைக்கே விடவில்லை, இருந்தும் வானொலிகள் விடாமல் போட்டுத் தேய்த்தன என்று படிக்கட்டு மூச்சு வாங்க அடுக்கினான். "டிரம்ஸ் எப்ப வருது தெரியுமா? நாலு நிமிஷம் தாண்டி. அதுவரைக்கும் கிட்டாரும் குழலும்தான். ஒவ்வொரு படியா ஏறும்டா அது!"

"நாலு நிமிஷம் பான்ஹம் மாதிரி ஒரு டிரம்ஸ்காரரைச் சும்மா உட்கார வெச்சது பாட்டா, தண்டனையா?" என்றான் காஷ்மீர்.

படி திரும்பும் இடத்தில் பீரோவை இறக்கிவைத்தோம். உண்மையில் அந்த இடத்தில் இறக்கவே கூடாது. மறுபடி தூக்கிக் கோணம் பார்த்துத் திருப்புவதற்குள் உயிர் போய்விடும். ஆனால் படிக்கட்டுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டன, வாதத்துக்கு. "காஷ்மீர்னு பேர் வெச்சவங்க யாராவது அப்ப காஷ்மீரைப் பார்த்திருந்தாங்களா? பாடகர் ராபர்ட் பிளாண்ட் மொராக்கோ பாலைவனத்துல கார்ல போகும்போது எழுதின வரிகள் அது. பனிமலைக்கும் மணலுக்கும் என்ன சம்பந்தம்?"

இது உண்மைதான். காஷ்மீர் மட்டும் அசரவில்லை. "உங்க ஆளு சொர்க்கத்தைப் பார்த்துட்டு வந்துதான் எழுதினாரா?"

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெரிய குண்டு ஒன்றையும் எடுத்துப் போட்டான். அமெரிக்காவில் ஒரு வானொலி நிலையம், இனிமேல் ஸ்டேர்வேயைப் போடவே மாட்டோம் என்று சொல்லி நேயர்களிடம் நன்கொடை கேட்டதாம். அதைக் கேட்டுப் போன் போட்டுப் பணம் தருகிறேன் என்றவர்களில் ஒருவர் ராபர்ட் பிளாண்ட். பாடியவரே! இதை அவரே பேட்டியில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

படிக்கட்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பீரோவின் பிடியைத் துடைத்தான். "வீட்டுல தினமும் பார்க்கிற முகம் எல்லாருக்கும் சலிக்கத்தான் செய்யும். அதுக்காக முகம் அழகில்லைன்னு ஆகிடுமா?" என்றான் கடைசியில். அன்றைய வாதங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். சொல்லவில்லை. சொன்னால் நடுவர் பதவி போய்விடும்.

முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் பீரோ விசித்திரமாக நடந்துகொள்ள ஆரம்பித்தது. மேல்முனை எகிறும், கீழ்முனை அசையாது. அடுத்த நொடி கீழ்முனை எழும்பும். மேல்முனை படியில் டொக்கென்று உட்காரும். கப்பலில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு. பிறகுதான் கவனித்தேன். இருவரும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். காஷ்மீர், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மூன்றிலேயே தூக்குகிறான். படிக்கட்டு மூன்று வரை எண்ணிவிட்டு நான்கில் தூக்குகிறான். இருவரும் நிறுத்தாமல் அவரவர் கணக்கிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கியது பன்னிரண்டாவது எண்ணிக்கையில் மட்டும்தான். அப்போது மட்டும் பீரோ ஒரு படி ஏறியது.

நான் இதைச் சொல்லியிருக்கவே கூடாது. சொன்னதும் காஷ்மீர் பீரோவை விட்டுவிட்டுக் கையைத் தட்டினான். பாரம் முழுக்க என் தோளில்.

"இதுதான்டா காஷ்மீர்! கிட்டார் மூணு மூணா சுத்தும், பான்ஹம் நாலு நாலா அடிப்பார். பன்னிரண்டுல வந்து ரெண்டும் சேரும். சேர்ற இடத்துல ஒரு யானை கால் எடுத்து வைக்கிற மாதிரி இருக்கும் பாரு..."

மிருதங்கம் படித்தவர்கள் திஸ்ரம், சதுஸ்ரம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவார்கள். இவன் பீரோவின் பக்கப் பலகையில் ஒரு கையால் மூன்று, மறு கையால் நான்கு என்று தட்டிக் காட்ட முயன்றான். இரண்டு சுற்றுக்கு மேல் வரவில்லை. நான் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்தபடி, "புரிஞ்சுது, ரொம்ப நல்ல பாட்டு, தூக்கு" என்று கெஞ்சினேன்.

"கேட்டியா? நடுவரே சொல்லிட்டார்!"

இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. கைத்தடியோடு ஒரு பாட்டி. கீழே இறங்க வேண்டும் அவருக்கு. வழி முழுக்க பீரோ. எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "லிஃப்ட் வேலை செய்யுதே தம்பி," என்றார். விளக்கம் சொன்னோம். அவர் வந்த சுவடு தெரியாமல் லிஃப்டில் இறங்கிப் போனார்.

கடைசி மாடியில் மனசாட்சிப்படி ஒரு தீர்ப்புச் சொன்னேன். ஸ்டேர்வேயின் தொடக்கத்தில் அந்தக் குழலை வாசித்தவர் அதே குழுவின் ஜான் பால் ஜோன்ஸ். காஷ்மீரில் மெல்லோட்ரான் என்ற கீபோர்டும் அவர்தான். ஆகவே, ஜெயித்தது ஜோன்ஸ். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன். மீதிப் படிகளை யாரும் எதுவும் பேசாமல், ஒரே எண்ணிக்கையில் ஏறினோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பீரோவைச் சுவரோரம் நிறுத்தியபோது அடி இழுப்பறை தானாகத் திறந்து கொண்டது. காலி செய்ய மறந்திருக்கிறேன். உள்ளே நெருக்கமாக அடுக்கிய இசைத்தட்டுகள். நாற்பதாவது இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டேர்வே இருக்கும் லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பம், அதற்குப் பின்னால் காஷ்மீர் இருக்கும் ஃபிசிக்கல் கிராஃபிட்டி.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். திட்டு வரும் என்று ஒரு அடி பின்வாங்கினேன்.

படிக்கட்டு மெதுவாகத் தலையைத் தூக்கினான். என்னிடம் அல்ல, அவனிடம்தான். "என்னுது ஒரு தட்டு. உன்னுது ரெண்டு தட்டு ஆல்பம். அதுலயும் காஷ்மீர் முதல் தட்டிலேயே முடிஞ்சிடுது. அந்த ரெண்டாவது தட்டை நான் எதுக்குடா மூணு மாடி சுமந்தேன்?"

"கனமான ஆல்பம்னு ஒத்துக்கிட்டே இல்ல?"

நான் சத்தம் காட்டாமல் கீழே இறங்கினேன். கட்டில் இன்னும் வண்டியில்தான் இருந்தது.