உடைசல் சரக்குக்கு வந்த வாழ்வு

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு சின்ன எலெக்ட்ரிக்கல், சானிட்டரி கடை. லாரியில் வரும் வாஷ்பேசினில் ஒன்றிரண்டு வழியிலேயே விரிசல் விட்டிருக்கும். கம்பெனிக்காரர்கள் அதைத் திரும்ப எடுக்க மாட்டார்கள், விற்கவும் முடியாது. கடைக்குப் பின்னால் கிடக்கும். அதனால், உடைசல் பொருட்களாலேயே செய்த சிலைத் தோட்டமான சண்டிகர் ராக் கார்டனை நான் பார்த்த விதமே வேறு. எல்லோரும் சிலைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரை முறைத்துக்கொண்டு நின்றேன்.

மைத்துனன் சண்டிமந்திர் ராணுவ முகாமில் இருக்கிறான், அவன்தான் கூட்டிப்போனான். "அத்தான், உங்க கடையையே பேத்துக் கொண்டாந்து ஒட்டின மாதிரி இருக்குல்ல?" என்றான். அப்படித்தான் இருந்தது. ஒரு சுவரில் பழைய பீங்கான் பியூஸ் கட்டைகளும் சாக்கெட்டுகளும் வரிசை வரிசையாக. இப்போது எல்லாமே எம்.சி.பி., அதாவது கரண்ட் கூடினால் தானாக விழும் சுவிட்ச் ஆகிவிட்டது, எங்கள் கடைப் பையனிடம் காட்டினால் என்னவென்று கேட்பான். இன்னொரு பக்கம் உடைந்த கக்கூஸ் பீங்கானும் பாத்ரூம் டைல்ஸும் சிமென்டில் பதிந்து வெயிலில் பளபளக்கின்றன. அணிவகுத்து நிற்கும் பெண்களுக்கு உடுப்பு முழுக்க வளையல் துண்டுகள். மிருகங்களுக்குள்ளே எலும்பாக இருப்பது பழைய சைக்கிள் பிரேம்.

இதைச் செய்த நேக் சந்த் சிற்பி இல்லை. பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் 1924-ல் பிறந்து, பிரிவினையில் இந்தப் பக்கம் வந்தவர். லெ கார்பூசியே என்ற வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர் திட்டம் போட்டு செக்டர் செக்டராகச் சண்டிகரைக் கட்டிய காலம் அது. அதற்காக 20-க்கும் மேற்பட்ட கிராமங்களைக் காலி செய்தார்கள். இடித்த வீடுகளின் ஓடு, பானை, பீங்கான் எல்லாம் குவியலாகக் கிடந்தன. மனிதர் டியூட்டி முடிந்ததும் அவற்றைச் சைக்கிளில் ஏற்றி, சுக்னா ஏரிப் பக்கம் கட்டடமே கட்டக் கூடாத காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1957 வாக்கில் ஆரம்பித்து ஏறக்குறைய 18 வருடம், ஊருக்குத் தெரியாமல்! நகரத்தையே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டுகிறார்கள். அதே அரசாங்கத்தின் ஊழியர் அதன் முதுகுக்குப் பின்னால் நேர்கோடே இல்லாத ஒரு ஊரைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

விஷயம் வெளியே வந்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். மக்கள் வந்து பார்த்துப் பார்த்தே காப்பாற்றிவிட்டார்கள். 1976-ல் முறையாகத் திறந்து, அவருக்கே பொறுப்பும் சம்பளமும் 50 வேலையாட்களும் கொடுத்தார்கள். உடைசல் சேர்க்க ஊரில் தனி இடங்கள் வேறு. 1984-ல் பத்மஸ்ரீ. தொல்லை அதோடு முடியவில்லை: 1996-ல் அவர் வெளிநாடு போயிருந்த சமயம் யாரோ புகுந்து சிலைகளை உடைத்தார்கள். 2015-ல் அவர் காலமானார். பத்து வருடம் கழித்து, சாலையை அகலப்படுத்த வெளிச்சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள்.

உள்ளே போகிறவர்களுக்கு ஒன்று: வாசல்கள் எல்லாம் குட்டை. குனிந்துதான் போக வேண்டும். ஆறடி சர்தார்ஜிகள் தலைப்பாகையைக் கையால் பிடித்துக்கொண்டு நுழைவதைப் பார்க்க வேண்டுமே. வழி இடுக்காக வளைந்து போகும், திரும்பினால் திடீரென்று ஒரு அருவி, இன்னொரு திருப்பத்தில் நூறு குரங்குச் சிலைகள். அடுத்து என்ன வரும் என்று தெரியாததால் பெரியவர்களே கொஞ்சம் ஓடுகிறார்கள்.

முதல் இரண்டு பகுதிகளில் மட்டும் நிதானமாக நேரம் செலவழியுங்கள். மூன்றாவது பகுதி பெரியது, பின்னால் வந்தது. உயரமான வளைவுகளில் ஊஞ்சல் தொங்குகிறது. அதில் ஆடலாம், நானும் ஆடினேன், மைத்துனன் வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டான். சரி, அதுவரை சந்தோஷம். அப்புறம் மீன் தொட்டி, குண்டாகவும் ஒல்லியாகவும் காட்டும் கண்ணாடி என்று போகிறது. அதற்கு எதற்குச் சண்டிகர் வரை ரயில் ஏற வேண்டும்? ஆனித் திருவிழாவுக்கு நெல்லையில் போடும் பொருட்காட்சியே போதும், கூடவே டெல்லி அப்பளமும் கிடைக்கும்.