புக்காக்கி ஏரிக்கரையில் ஒரு பிற்பகல்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் வாடகைக் கார் எடுத்துக் கிளம்பினோம். டெக்காப்போ ஏரியில் 1935-இல் கட்டிய சிறிய கல் தேவாலயத்தைச் சுற்றி ஒரே கூட்டம். பத்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டோம். புக்காக்கி ஏரிதான் எங்களைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

அந்த நீரின் நிறத்தை எப்படிச் சொல்வேன்! நீலத்தில் பாலை ஊற்றிக் கலக்கியதுபோல் இருக்கிறது. மேலே பனியாறுகள் பாறையை மாவாக அரைத்து அனுப்புகின்றன. அந்த நுண்துகள்கள் நீரில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வரும் நிறம் இது.

வடக்கே, ஏரியின் தலைமாட்டில், 3,724 மீட்டர் உயர ஆவோராக்கி சிகரம். மேகம் மூடியிருந்தது. விலகட்டும் என்று காத்திருந்தோம். ஃபிளாஸ்க்கில் தேநீர் தீர்ந்தது. இவர் கைபேசியைத் தொடவே இல்லை. திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளில் இவரை இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை. நாலரை மணிக்கு உச்சி முழுதாகத் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு 971 மீட்டர் உயர லிண்டிஸ் கணவாய். இருபுறமும் பொன்னிறப் புல் போர்த்திய மலைகள். அந்த வளைவுகளில் நான்தான் ஓட்டினேன், ஆசை தீர! வானாக்கா போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. நாளை குவீன்ஸ்டவுன்.